கல் வாலா ஜகா

பிற்பகல் இரண்டு இருபத்தைந்துக்குத் தப்பு ஆரம்பித்தது. நேரம் துல்லியமாகத் தெரியும். பீரியட் மணியைப் பார்த்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய பள்ளி ஆசிரியை நான். கடலுக்கு நடுவில் இருந்தாலும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய சின்னத் தீவைக் காணோம். அது இருந்த இடத்தில் வானத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் சாம்பல் நிறத்தில் மழை நின்றுகொண்டிருந்தது. அந்த மழைக்கு முன்னால், எங்களுக்கு ஐம்பதடி பின்னால், என் மகள் நிவேதா இருந்த மஞ்சள் நிறத் துடுப்புப்படகு, காயக், வந்துகொண்டிருந்தது. அடுத்த தடவை திரும்பியபோது அதுவும் இல்லை.

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் மாடியில் மழை தட்டினால் எழுந்துபோய் அவள் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன். ஆனால் இதைப் பயந்துபோய் எழுதவில்லை. நடந்ததில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். கடல் பார்க்காத நாள் கிடையாது; கடலுக்குள் போன நாளும் கிடையாது. கல்லூரி இரண்டாம் ஆண்டு முடித்த நிவேதா, "அந்தமான்ல காயக் விடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். "நானும் வருவேன்னா போ" என்றேன். அதைக் கேட்டதும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "சரி, வா" என்றுவிட்டாள்.

போர்ட் பிளேரில் முதல் நாள் எனக்கு மூச்சு வாங்கியே கழிந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். இங்கே தெருவே ஏணி மாதிரி நிற்கிறது. காலை ஐந்து மணிக்குச் சுள்ளென்று வெயில். சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டு. கடிகாரம் மட்டும் நம்முடையது, சூரியன் பர்மாவுடையது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர் இந்தியில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"மெயின்லேண்டா?"

"இல்லைங்க, தமிழ்நாடு."

"அதான் மெயின்லேண்டு."

தூத்துக்குடிக்கும் டெல்லிக்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். மீன் குழம்பு மட்டும் நம் வீட்டுக் குழம்பு போலவே இருந்தது. கடுகெண்ணெயில் பொரித்த மீன் ஒன்றையும் கூட வைத்தார். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். மூன்றாம் வாயில் இன்னொரு துண்டு கேட்டேன்.

ஊரே எல்லா மொழியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகிறது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட இந்தி இரண்டு சொல். ஒன்று 'ஜகா', இடம். பஸ்ஸில் உட்கார இடம் கேட்டே அதைப் பழகிவிட்டேன். இன்னொன்று 'வாலா', நம் 'உள்ள', 'காரர்' மாதிரி. இது எதற்குப் பின்னாலும் ஒட்டும். மீன் வாலா, டிக்கெட் வாலா, ஓரத்து வாலா சீட். தமிழ்ச் சொல்லோடும் சண்டை போடாமல் சேர்ந்துகொள்ளும். இரண்டே சொல்லில் எனக்கு இந்தி வந்துவிட்டது போல ஒரு மிதப்பு.

இரண்டாம் நாள் வண்டூருக்குப் போகும் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், பீடி பற்றவைத்தார், மறுபடியும் பார்த்தார். யாரும் சத்தம் போடவில்லை. நம் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் ஆலோசனை சொல்லி, இரண்டு பேர் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள். நானும் நிவேதாவும் ஐஸ் பெட்டி ஏற்றிய ஒரு லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டோம். வண்டூரைத் தாண்டி அந்தச் சிறிய மீனவக் கரையில் இறங்கியபோது என் சேலையின் பின்பக்கம் முழுக்க ஈரம். மீன் வாசனை வேறு.

"அம்மா, உன்னைய யாரும் விலை கேட்டுராம பாத்துக்கோ" என்றாள் நிவேதா.

கரையில் வழிகாட்டிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். செல்வத்துக்கு முப்பது வயதிருக்கும். பிறந்தது தெற்கே கட்சால் தீவில். தாத்தா காலத்தில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய குடும்பம். "தேயிலைல இருந்து ரப்பருக்கு வந்தோம். நான் ரப்பர்ல இருந்து துடுப்புக்கு வந்துட்டேன் மேடம்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 'முடியாது' என்று சொல்லமாட்டார். 'ஏலாது' என்பார். வாக்கியத்துக்கு ஒரு தரம் 'விளங்குதா?' என்று கேட்பார். மற்றவர் தபன், வங்காளி, நாற்பத்தைந்து வயது. பேச்சு குறைவு, பேசினாலும் இந்திதான். தமிழ் தெரியாத அவரும் இந்தி தெரியாத என் மகளும் ஒரே காயக் என்று முடிவானது.

"பச்சை வாலா காயக் நமக்கு மேடம். மஞ்சள் வாலா அவங்களுக்கு" என்றார் செல்வம். பச்சை வாலா! எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று பயிற்சி மட்டும். கரைக்கு வடக்கே, பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு சின்னக் குடா. தண்ணீர் குளம் போல அசையாமல் இருந்தது. முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்றையும் வழியில் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது போர்டு வச்ச இடத்துல இருக்காது மேடம், அதுக்கு வாசிக்கத் தெரியும்" என்றார் செல்வம். நான் சிரிக்கவில்லை.

கிளம்பும்முன் தெற்கே கை நீட்டிக் காட்டினார். தூரத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. "அந்தா தெரியுதே, கல்லு வாலா சைடு. எங்க வேணா போகலாம், அங்க மட்டும் போக ஏலாது. அடியில பூரா கல்லு. தண்ணி சுழிச்சு இழுத்துட்டுப் போயி அடிச்சுரும். விளங்குதா?"

எனக்கு நன்றாக விளங்கியது. அன்று ராத்திரி நிவேதாவிடம் மூன்று தரம் அதையே சொன்னேன். நாலாம் தரம் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை கடல் பளிங்கு போல இருந்தது. போகும்போது ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டதே தெரியவில்லை. காயக்குக்குக் கீழே பவளப்பாறை, அதற்குள் நீல மீன்கள். எங்களைப் பொருட்படுத்தாமல் ஒரு ஆமை போனது. நீச்சல் தெரியாத நான் கடலுக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தேன் என்றால் நம்புவதற்குச் சாட்சியாகச் செல்வம் இருக்கிறார். தீவில் மணலும் பத்துத் தென்னையும்தான். வாழையிலையில் மடித்துக் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். தபன் கையைக் காட்டி ஏதோ கேட்க, நிவேதா வாயைக் காட்டி ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "தெரியாதும்மா, ஆனா புரிஞ்சுது" என்றாள்.

இரண்டு மணி வாக்கில் திரும்பினோம். அப்புறம்தான் அந்த மழை.

மழை மேலே விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. தென்மேற்கிலிருந்து காற்று தள்ளியது. செல்வம் பின்னால் இருந்து, "துடுப்ப நிறுத்தாதீங்க மேடம், ஜல்தி, ஜல்தி" என்று கத்தினார். நான் "நிவி! ஏட்டி நிவி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் போகச் சொன்னேன். "நீங்க உக்காந்திருக்கப்ப திருப்ப ஏலாது. கவுந்துட்டா இன்னும் ரெண்டு பேரைத் தேடணும். உங்கள எறக்கிட்டுப் போறேன்" என்றார். சரியான பதில்தான். அப்போது அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

மூன்று ஐந்துக்குக் கரை. மழை அதற்குள் நகர்ந்து கிழக்கே போய்விட்டது. கடல் வெறுமையாகக் கிடந்தது. கரையில் செல்ஃபோனுக்குச் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறி ரோட்டுக்குப் போக வேண்டும். மோட்டார் படகுக்குச் சொல்ல, இங்கே அதை டுங்கி என்கிறார்கள், செல்வம் மேட்டை நோக்கி ஓடினார். ஓடும்முன் தன் வாக்கி டாக்கியை என் கையில் திணித்தார். "தபன் பேசுனா கேட்டு வைங்க. இந்தப் பட்டன அமுக்கிப் பேசணும்."

அவர் தலை மறைந்து இரண்டு நிமிஷம் இருக்காது. கருவி கரகரத்தது. தபனின் குரல்.

"செல்வம் பாய்... கல் வாலா ஜகா... கல் வாலா ஜகா மே..."

கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை. பட்டனை அமுக்கி, "நிவி எப்படி இருக்கா? நிவி எப்படி இருக்கா?" என்று தமிழில் கத்தினேன். பதில் இல்லை.

 மூளை நன்றாக வேலை செய்தது, அதுதான் வினை. ஜகா என்றால் இடம். வாலா எனக்குத் தெரியும். கல் வாலா ஜகா. கல் இருக்கிற இடம். செல்வம் நேற்றுக் கை நீட்டிக் காட்டிய இடம்.

செல்வம் மூச்சிரைக்க வந்தார். கூடவே டுங்கிக்காரரும் வந்தார். நான் தபன் சொன்னதைச் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டதைச் சொன்னேன். "கல்லு இருக்கற இடத்துல இருக்காங்களாம். உங்க கல்லு சைடுதான். சீக்கிரம் போங்க."

செல்வம் யோசித்தார். "காத்து வடக்க பாத்துல்ல தள்ளுச்சு? எதிர்க்காத்துல அவங்க எப்பிடித் தெக்க போவாங்க? நிச்சயமாக் கேட்டீங்களா மேடம்?"

"நிச்சயமாத்தான் சொல்லுதேன். இருபத்திரண்டு வருஷமா பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடுதவ. என் காதுல தப்பா விழாது."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. டுங்கி தெற்கே திரும்பிச் சத்தம் போட்டுக்கொண்டு போனது.

கரையில் ஓலைக் கூரை போட்ட ஒரு டீக்கடை இருந்தது. நடத்துபவர் சரசக்கா. அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். போர்ட் பிளேரில் அரசாங்க வேலை பார்த்த கணவர் ஓய்வுபெற்றதும் இங்கே கடை போட்டதாகச் சொன்னார். என் தலையைத் துவட்டிவிட்டு டீயைக் கையில் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

"குடிங்க டீச்சர். நீங்க பட்டினி கெடந்தா டுங்கி ஜாஸ்தி ஸ்பீடு போகாது."

"எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னாரு. நான்தான் நான் பாத்துக்கிடுதேன்னு கூட்டியாந்தேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. கண்ணு வலிக்கிற அளவுக்குப் பாக்குறீங்க."

மணி நாலேகால். நம் ஊர் வெயில் கணக்குப்படி இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போல. சரசக்கா வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே ஐந்தரைக்கு இருட்டிவிடும்.

நாலு முப்பத்தைந்துக்கு டுங்கி திரும்பியது. அதில் போன இரண்டு பேர்தான் இருந்தார்கள். செல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கல்லு பூரா சுத்தியாச்சு அக்கா" என்றார். அதுவரைக்கும் நான் மேடம். "ஆளும் இல்ல, காயக்கும் இல்ல, துடுப்பும் இல்ல. அங்க அவங்க வரவே இல்ல."

"அப்ப ஏன் அவர் அப்படிச் சொன்னாரு?" என்றேன். "கல்லுன்னு ரெண்டு தடவ சொன்னாரே!"

சரசக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தார். "டீச்சர், அவன் தமிழ்லயா சொன்னான்? தபனுக்குத்தான் தமிழே வராதே. அவன் வாயில இருந்து என்ன வந்துச்சு, அத அப்பிடியே சொல்லுங்க."

"கல் வாலா ஜகா."

சரசக்காவும் செல்வமும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அய்யோ, அது ஹிந்தி கல்லு!" என்றார் சரசக்கா. "ஹிந்தில கல்-னா நேத்து. நேத்து போன இடத்துல இருக்கோம்னு சொல்லிருக்கான்."

நேற்றுப் போன இடம். வடக்கே, மரம் சாய்ந்து கிடந்த அந்தக் குடா. அன்றைக்குக் காற்று தள்ளிய பக்கம், நாங்கள் நின்ற கரையிலிருந்து டுங்கியில் பத்து நிமிஷம். செல்வம் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காத்து சரியாத்தான் சொல்லுச்சு" என்று மட்டும் முணுமுணுத்தபடி டுங்கியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. வடக்கே பார்த்தபடி நின்றேன். சரசக்கா கடையை விட்டு வந்து பக்கத்தில் நின்றார். பிள்ளைகளின் விடைத்தாளில் அரைகுறையாகப் புரிந்துகொண்டு எழுதியதற்கெல்லாம் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருப்பேன் என்று தோன்றியது. அப்புறம் அதுகூடத் தோன்றவில்லை. முதலைப் பலகை மட்டும் கண்ணுக்குள் நின்றது.

ஐந்து இருபதுக்கு மோட்டார் சத்தம். வெளிச்சம் தேய்ந்து எல்லாம் நீலமாகியிருந்தது. டுங்கிக்குப் பின்னால் கயிற்றில் மஞ்சளாக ஏதோ ஆடிக்கொண்டு வந்தது. முன்னால் ஒரு உருவம் நின்றிருந்தது. நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் தண்ணீருக்குள் ஓடினேன். முழங்கால் வரைக்கும் போயிருப்பேன்.

"அம்மா, அங்கயே நில்லு!" என்று அவள் குரல் வந்தது. "முதல்ல இவர் இறங்கட்டும். தோள்பட்டை விலகியிருக்கு."

நின்றேன். தபன் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை லைஃப் ஜாக்கெட் வாரால் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. நிவேதா இடது பக்கமாக அவரைத் தாங்கி இறக்கினாள். செல்வம் காலைப் பிடித்துக்கொண்டார். குடாவுக்குள் அலை தள்ளியபோது சாய்ந்த மரத்தில் மோதாமல் தபன் கையைக் கொடுத்துத் தடுத்திருக்கிறார். தோள் இறங்கிவிட்டது. மீதித் தூரம் நிவேதாதான் துடுப்புப் போட்டிருக்கிறாள். வாக்கி டாக்கியை அவள் வாங்கித் தமிழில் பேசுவதற்குள் தண்ணீர் புகுந்து அது செத்துவிட்டது. அப்புறம் கரையேறி, யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். வலியோடு அந்த மனிதர் மூன்றே காலிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்திருந்தது என்னால்.

அதைச் சொல்லாமல் இருக்க வழி இருந்தது. சிக்னல் சரியில்லை என்று செல்வம் ஏற்கெனவே சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் குறுக்கிட்டேன். "இல்ல. நான்தான் தப்பாச் சொன்னேன். நேத்துன்னு அவர் சொன்னத நான் கல்லுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு உங்கள வேற பக்கம் அனுப்பிட்டேன். அவர்ட்ட இத அப்படியே சொல்லுங்க."

செல்வம் சொன்னார். தபன் என்னைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்து, வலியில் "ஆ" என்று கத்தி, மறுபடியும் சிரித்து, இந்தியில் ஏதோ சொன்னார். சரசக்கா அதைத் தமிழில் சொன்னார்.

"நல்லவேளை, முந்தாநாள் போன இடம்னு சொல்லலயாம். அப்ப எங்கடா அனுப்பியிருப்பாங்களோங்குறான்."

ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் மேட்டில் நின்றது. அவரை ஏற்றும்வரை நிவேதா என் பக்கம் வரவில்லை. ஏற்றி, கதவைச் சாத்தி, ஜீப்பின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தன. அந்தக் கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் அந்தச் சொல்லு தெரியாதும்மா. நான் இருந்தாலும் அந்தக் கல்லுக்குத்தான் ஆள அனுப்பியிருப்பேன்" என்றாள். பிறகு, நான் வகுப்பில் விரல் நீட்டுவது போலவே விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. இனிமே கேட்டத கேட்ட மாதிரி சொல்லு. அர்த்தத்த நாங்க பாத்துக்கிடுதோம்."